கைக்கடிகாரம் கட்டிய குரங்கு

கொரில்லாவின் இடது கையில் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறது. கணினியில் படத்தை நிறுத்துகிறேன். பத்து விநாடி பின்னால் தள்ளி மறுபடி ஓடவிடுகிறேன். அட்டைப் பாறைக்குப் பின்னாலிருந்து கொரில்லா எழுகிறது, மார்பில் அடித்துக்கொள்கிறது, கையை உயர்த்தும்போது மயிருக்கு நடுவில் ஒரு வட்டம் பளிச்சென்று மின்னுகிறது. கடிகாரமேதான். உள்ளே இருந்த ஆசாமி தோலை மாட்டிக்கொள்ளும் அவசரத்தில் கழற்ற மறந்திருக்க வேண்டும். இல்லை, எப்போது சாப்பாட்டுக்கு விடுவார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டுமென்றே கட்டியிருப்பான். திரைக்குக் கிட்டே போய் இன்னொரு தடவை பார்க்கிறேன். எழுபத்து மூன்று வயதில் கண் ஏமாற்றுவது அதிசயமில்லை, ஆனால் இது ஏமாற்று இல்லை. மணி மூன்று பத்து. ஐந்துக்குள் மணிவாசகனுக்குக் கட்டுரை போயாக வேண்டும். அவருடைய மாத இதழில் பதினோரு வருஷமாக எழுதுகிறேன், 'உலகு' என்ற பெயரில். முழுப் பெயர் உலகம்மாள். அந்தக் கால ஹாலிவுட்டில் பத்து நாளில் எடுத்துத் தள்ளிய சல்லிசான காட்டுப் படங்களும் மர்மப் படங்களும்தான் என் பேட்டை. வேறு யாரும் போட்டிக்கு வராத பேட்டை. வாசகர்கள் 'உலகு சார்' என்று கடிதம் போடுகிறார்கள், நானும் திருத்துவதில்லை, சார் என்றால் கொஞ்சம் பயம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் 'முடிவு' என்று போட்டு, கடைசியில் என்ன ஆகிறது என்பதைப் பட்டென்று உடைத்துவிடுவேன். பக்கத்திலேயே அதை நம்பலாமா கூடாதா என்று தீர்ப்பும் உண்டு. 'முடிவு: எரிமலை வெடித்து ஊரே அழிகிறது, கதாநாயகியின் கொண்டை கலையவில்லை. நம்புவதற்கில்லை.' அந்த ஒரு வரிக்காகவே இதழை வாங்குகிறோம் என்று எழுதுகிறார்கள். இதுவரை நூற்று முப்பது படம் ஆகிவிட்டது. நம்பலாம் என்று ஒன்றுக்குக்கூட நான் எழுதியதில்லை.

அந்தக் கடிகாரத்தை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எழுபத்து மூன்றாம் வருஷம், திருநெல்வேலி, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. அப்போதெல்லாம் இங்கிலீஷ் படத்துக்கு இங்கிலீஷ் பெயரில் போஸ்டர் ஒட்டினால் யார் வருவார்கள், விநியோகஸ்தர் தன் இஷ்டத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர் வைத்துவிடுவார். இதற்கு வைத்த பெயர் 'கறுப்பு நதியின் ரகசியம்'. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து, முதலை வாய்க்குள் ஒரு பெண். நான் உள்ளே போனபோது பெயர் போட்டு முடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது, பெண்கள் கவுண்டரைத் திறக்க ஆள் இல்லை, காலைக் காட்சிக்குப் பெண்பிள்ளை வருவாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கேட்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவி தேடப் போனார். அதனால் அந்தப் படத்தின் நிஜப் பெயர் எனக்கு ஐம்பத்தொரு வருஷமாகத் தெரியாது. இன்றைக்குத்தான் தெரிந்தது, அதில் நதியும் இல்லை, ரகசியமும் இல்லை, ஏதோ ஒரு பெண்ணின் பெயர். பெண்கள் பக்கம் மொத்தப் பெஞ்சுக்கும் நான் ஒருத்தி. நடுவே தோள் உயரத்துக்கு ஒரு சுவர், அந்தப் பக்கம் ஆண்கள். அங்கே எங்கேயோ ஜெபமணி இருந்தார். சேர்ந்து படம் பார்த்தோம் என்று சொன்னால் அது இப்படித்தான், சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கொரில்லா கையைத் தூக்கியதும் தியேட்டரே விசிலடித்தது, 'ஏலே, மணி என்னலே ஆச்சு?' என்று ஒருத்தன் கத்தினான், அத்தனை சத்தத்துக்கும் மேலே ஜெபமணியின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலியில் ஒன்றரை வருஷம் கேட்ட சிரிப்பு, தவற விடுவேனா. நான் தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். தாவணி இல்லை, சேலை. வேலைக்குச் சேர்ந்த பிறகு சேலைதான். இதெல்லாம் ஏன் இப்போது குழம்புகிறது என்று தெரியவில்லை.

ஓடவிடு. எழுதுகிறவளாகப் பார், உலகம்மா. நோட்டை எடுத்துக்கொள்கிறேன். முதலை தண்ணீரில் வழுக்கி இறங்குகிறது. இதே முதலை இதே சரிவில் இதே மாதிரி இதற்கு முன்னாலும் இறங்கியது, எங்கோ வாங்கிய துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். புலி என்று அலறுகிறார்கள், இது ஆப்பிரிக்கா, புலிக்கு இங்கே என்ன வேலை. வரிசையாக நடக்கிறார்கள், ஒரு பேராசிரியர், அவர் மகள், பத்திரிகைக்காரன் ஒருத்தன், வழிகாட்டி, சுமை தூக்க ஆறு பேர். அந்த வளைந்த மரத்தை நான்காவது முறையாகக் கடக்கிறார்கள். வாழைமரம் தொட்டியில் இருக்கிறது, தொட்டியின் விளிம்பு தெரிகிறது. ஒவ்வொரு முகாமிலும் ஒரு சுமைக்காரன் சாகிறான், யார் கொல்கிறார்கள் என்பதுதான் மர்மம். எல்லோரும் வழிகாட்டியைச் சந்தேகப்படுகிறார்கள், மகள் மட்டும் படவில்லை. போன் அடிக்கிறது. மணிவாசகன்தான். "அம்மா, கடைசி ஃபார்ம முடிச்சு அச்சுக்கு அனுப்பணும், அஞ்சுக்குள்ள வந்துருமா?" வந்துரும் தம்பி என்கிறேன். "படம் எப்படி?" குரங்கு கைக்கடிகாரம் கட்டியிருக்கு என்கிறேன். அவர் சிரிக்கிறார், "அதையே தலைப்பா வச்சிருங்க. முடிவு வரிய மட்டும் மறந்துராதீங்கம்மா" என்கிறார். மறப்பேனா. போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட நிசப்தமாகிவிடுகிறது. பாளையங்கோட்டையில் மூன்று மணி வெயிலுக்குக் காக்காய்கூடக் கத்தாது. காலையிலிருந்து நான் பேசியது இந்த நாலு வார்த்தைதான், அதற்கு முன்னால் நேற்று சாயங்காலம் பால்காரரிடம் ஒரு பாக்கெட் போதும் என்றேன். அதுகூட அவராகவே தெரிந்து ஒன்றுதான் வைப்பார், பேச வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இந்தப் படத்தை நான் தேடாத இடமில்லை. முடிவை வைத்துத்தான் தேடினேன், முடிவுதான் எனக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் ஒரு பெண் கப்பலில் ஏறாமல் சின்னப் படகில் தனியாகத் திரும்பி, குகையில் அடிபட்டுக் கிடக்கிற வழிகாட்டியிடம் வருகிற படம் எது என்று இதழிலேயே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். கரூரிலிருந்து ஒருவர் பன்னிரண்டு படம் எழுதி அனுப்பினார், பன்னிரண்டையும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இந்த மாதிரிப் படங்களுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், கதைச் சுருக்கத்தோடு; அதிலும் இப்படி ஒரு முடிவு இல்லை. குரங்கின் கடிகாரத்தை யார் கதைச் சுருக்கத்தில் எழுதுவார்கள். உண்மையைச் சொன்னால் நான் இந்தப் படங்களை எழுத ஆரம்பித்ததே அதைத் தேடித்தான், மற்ற நூற்று முப்பதும் வழியில் தட்டுப்பட்டவை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல ஆளும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வூதியர் சங்கத்தின் இதழில், கடைசிப் பக்கத்தில், மறைந்தவர்கள் வரிசையில் எம். ஜெபமணி, நாகர்கோவில் என்று பார்த்தேன். ஆறாவது பெயர். அன்றைக்கு மிளகு ரசம் வைத்தேன், அப்பளம் சுட்டேன், சாப்பிட்டேன், பாத்திரம் தேய்த்தேன். ஒன்றுமே தோன்றவில்லையே என்று ராத்திரி கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

வந்துவிட்டது. குகை. வழிகாட்டியின் கால் பாறையில் சிக்கி முறிந்துவிட்டது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள், மகள் மட்டும் அவன் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கிறாள். நான் போய் ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்கிறாள். அவன் தன் தண்ணீர்க் குடுவையை எடுத்து அவளிடம் கொடுக்கிறான். அவள் வாங்கிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஓடுகிறாள். முப்பத்து நாலாவது நிமிஷம். இந்த இடத்தில்தான் இடைவேளை விட்டார்கள். ஒரு மணி நேரப் படத்துக்கும் இடைவேளை விட்டாக வேண்டும், முறுக்கும் சோடாவும் விற்க வேண்டாமா. விளக்குப் போட்டார்கள். "இடைவேளையில வெளிய வாங்க, கலர் சோடா வாங்கி வைக்கேன். ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஜெபமணி சனிக்கிழமையே சொல்லியிருந்தார். என்ன விஷயம் என்று கேட்கிற அளவுக்கு நான் மண்டு இல்லை. ராத்திரி முழுக்க அந்த விஷயத்துக்கு என்ன பதில் என்று யோசித்து, சரி என்றுதான் முடிவு செய்திருந்தேன். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிற குடும்பம், நான் பிள்ளைமார் வீட்டுப் பெண், அப்பாவுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகும், ஆகட்டும் என்று நினைத்திருந்தேன். அது இருபத்திரண்டு வயதுத் தைரியம். விளக்குப் போட்டதும் சுவருக்கு மேலே ஆண்கள் எழுந்து சோம்பல் முறிப்பது தெரிந்தது, அதில் ஒரு வழுக்கைத் தலை, கழுத்தில் சுற்றிய ஈரிழைத் துண்டு. சங்கரலிங்கம் மாமா. அப்பாவோடு தினமும் கோயிலுக்குப் போகிறவர். அவர் திரும்பவில்லை, நான் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது, சைக்கிள் ஸ்டாண்டு வழியாக ரோட்டுக்கு வந்து, ஜங்ஷன் வரைக்கும் நடந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். சோடாக் கடை மறுபக்கம். அங்கே ஜெபமணி இரண்டு பாட்டிலோடு எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. அது மாமாதானா என்றும் இன்று வரைக்கும் தெரியாது. மாமா அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. சங்கரலிங்கம் மாமா காலைக் காட்சிக்கு, அதுவும் இங்கிலீஷ் படத்துக்கு, ஏன் வரப்போகிறார் என்று எனக்குத் தோன்றவே பத்து வருஷம் ஆயிற்று.

திரையில் குகை வாசல் நிற்கிறது, நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். மூன்று ஐம்பது. மேற்கொண்டு ஓடவிடப் பயமாக இருக்கிறது. என்ன பயம், முடிவுதான் தெரியுமே. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன், காலையிலேயே அணைத்ததுதான். மறுநாள் திங்கட்கிழமை எக்ஸ்சேஞ்சில் ஜெபமணி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார், என்னைப் பார்க்காமல், ஒயர் செருகுகிற பலகையைப் பார்த்துப் பேசினார். பின்னால் சூப்பர்வைசர் தங்கம் மேடம் நடந்துகொண்டே இருப்பார்கள், பேசுவதென்றால் டெலிபோன் கால் வராத இடைவெளியில்தான் பேச வேண்டும். "நேத்து பாதியில போயிட்டீங்க." தலைவலி என்றேன். நம்பர் ப்ளீஸ். தூத்துக்குடிக்கு ஒயரைச் செருகினேன். "முடிவு தெரியாண்டாமா?" சொல்லுங்க என்றேன். அவர் பலகையில் ஒரு விளக்கு எரிந்தது, மதுரை, மூணு நிமிஷம் ஆச்சு சார், நீட்டிக்கணுமா. பிறகு சொன்னார், "எல்லாரும் கப்பல்ல ஏறிட்டாவ. அந்தப் பிள்ளை மட்டும் ஏறல்ல." நம்பர் ப்ளீஸ். லைன்ல இருங்க. "சின்ன வள்ளத்த அவுத்துக்கிட்டு தனியா திரும்பி வாறா." தங்கம் மேடத்தின் செருப்புச் சத்தம் வந்து போயிற்று. "அவன் கொகைக்குள்ள இருந்துக்கிட்டு துடுப்புச் சத்தத்தக் கேக்கான். அம்புட்டுதான் படம்." எனக்கு முந்தின நாள் ஓடி வந்த வெட்கம், அதை மறைக்க வேண்டும், கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்ல வேண்டும். "நம்புற மாதிரியா இருக்கு? கப்பல் வரைக்கும் போனவ எவ திரும்பி வருவா?" என்றேன். "வரமாட்டாளா?" என்று கேட்டார். வரமாட்டா என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரிதான் என்றார், அவர் பலகையில் விளக்கு எரிந்தது, நம்பர் ப்ளீஸ் என்றார். மூன்று மாதத்தில் சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த விஷயத்தைக் கடைசி வரை சொல்லவே இல்லை, ஒரு நாள் பாதியில் போனதற்கு இவ்வளவு கோபமா என்று நான்தான் அவர் மேல் கோபமாக இருந்தேன். இதழின் பத்தாம் ஆண்டு மலரில் என்னை எழுதச் சொன்னபோது இதைத்தான் எழுதினேன், பெயர் இல்லாமல், ஒரு சக ஊழியர் என்று போட்டு. 'என் முதல் விமர்சனம்' என்று தலைப்பு. படத்தைப் பார்க்காமலே அதன் முடிவை ஒரே வரியில் அடித்து நொறுக்கினேன் என்று பெருமையடித்திருந்தேன். நிறையப் பாராட்டு வந்தது.

ஓடவிடுகிறேன். அவள் காட்டுக்குள் ஓடுகிறாள், வளைந்த மரம், முதலை மூன்றாம் தடவையாக இறங்குகிறது. ஆற்றங்கரையில் எல்லோரும் கூடுகிறார்கள். கொலைகாரன் பேராசிரியர்தான், எதிர்பார்த்ததுதான், கண்ணாடியைத் துடைக்கிற பேராசிரியர்கள் எல்லாம் கொலைகாரர்கள். துப்பாக்கி, புதைகுழி, தொப்பி மட்டும் மிதக்கிறது. அப்பா செத்துப் போனதற்கு மகள் இரண்டு விநாடி அழுகிறாள். ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் நிற்கிறது, கப்பல் என்று ஒரு கம்பித் தடுப்பும் பின்னால் ஒரு திரையும். ஏறுகிறார்கள். சரி, இப்போது அவள் ஏறமாட்டாள். ஏறிவிட்டாள். சரி, இறங்குவாள். பத்திரிகைக்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்கிறான், அவள் வந்து பக்கத்தில் நிற்கிறாள், காடு எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்கிறாள். அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறான். அவள் சிரிக்கிறாள். தோளில் சாய்கிறாள். வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சாக எழும்புகின்றன. எழுத்து வருகிறது, முற்றும் என்று. அவ்வளவுதான். யாரும் குகையைப் பற்றிக் கேட்கவில்லை. கப்பல் தலைவன் கேட்கவில்லை, அந்தக் குடுவை எங்கே என்றுகூட யாரும் கேட்கவில்லை. வழிகாட்டியைப் படத்துக்கே மறந்துபோய்விட்டது.

பிரதி வெட்டுப்பட்டிருக்கும் என்று முதலில் நினைக்கிறேன். நீளம் பார்க்கிறேன், அறுபத்து நாலு நிமிஷம், அந்த அமெரிக்கப் பட்டியலில் இந்தப் பெயருக்கு நேரேயும் அறுபத்து நாலு. வெளிநாட்டுக்கு வேறு முடிவோடு அனுப்பியிருக்கலாம், அப்படிச் செய்வதுண்டு. படத்தை இணையத்தில் ஏற்றிவைத்த சேகரிப்பாளர் கீழே நீளமாக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார், அதைப் படிக்கிறேன். வழிகாட்டியாக நடித்தவருக்கு மூன்று நாள் கால்ஷீட்தானாம், அது முடிந்ததும் வேறு படத்துக்குப் போய்விட்டாராம், திரும்பக் கூப்பிடக் காசில்லை, அதனால் அவரைக் குகையிலேயே விட்டுவிட்டார்கள். வேறு முடிவு எடுக்கவே இல்லை. எடுத்திருக்க ஆளே இல்லை. குறிப்பை மூன்று தடவை படிக்கிறேன். மூன்று நாள் கால்ஷீட். அப்படியென்றால் படகு ஏது. துடுப்பு ஏது. திரும்பி வந்தவள் யார். இரண்டு கலர் பாட்டிலையும் வைத்துவிட்டு ஜெபமணி உள்ளே போயிருக்கிறார், சுவருக்கு மேலே எட்டிக் காலிப் பெஞ்சைப் பார்த்திருக்கிறார், மீதிப் படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவள் கப்பலில் ஏறிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறார். பிறகு வீட்டுக்குப் போய் அன்று பூராவும் யோசித்து, எனக்காக ஒரு முடிவை உண்டாக்கிக் கொண்டுவந்து, பலகையைப் பார்த்துக்கொண்டே, கால் வராத இடைவெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார். அவர் எனக்குப் படக்கதை சொல்லவில்லை. அந்த விஷயத்தைத்தான் சொன்னார். வரமாட்டாளா என்று கேட்டார். வரமாட்டா என்றேன். இரண்டு தடவை கேட்டார் என்றுகூடச் சொல்லலாம், முதல் தடவை கதையாக, இரண்டாம் தடவை நேராக. நான் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, அதைக் கெட்டிக்காரத்தனம் என்று ஐம்பத்தொரு வருஷம் வைத்திருந்து, ஆண்டு மலரில் வேறு போட்டேன். அழுகை வருகிறது. வரட்டும், பார்க்க யார் இருக்கிறார்கள். மிளகு ரசம் வைத்த அன்றைக்கு வராதது இன்றைக்கு வருகிறது. அந்த மலர் நாகர்கோவிலுக்குப் போயிருக்குமா என்று ஒரு எண்ணம் வந்து சிக்கிக்கொள்கிறது, நகரமாட்டேன் என்கிறது. அவர் இறந்தது எப்போது, மலர் வந்தது எப்போது. எழுந்து ஓய்வூதியர் இதழைத் தேடி எடுக்கிறேன், தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மலர் வருவதற்கு ஏழு மாதம் முன்பே போய்விட்டார். கடவுளே, நல்லவேளை என்று சொல்கிறேன், வாய்விட்டு. செத்துப்போனதற்கு நல்லவேளை என்று சொல்கிறவளை என்ன செய்வது.

நாலே முக்கால். கண்ணைத் துடைத்துவிட்டுத் தட்டச்சு செய்கிறேன், கை தானாக எழுதுகிறது, முதலை மூன்று தடவை இறங்குவது, தொட்டியில் வாழை, ஆப்பிரிக்காவில் புலி, கண்ணாடி துடைக்கிற பேராசிரியர், எல்லாம் வழக்கம்போல் கிண்டலாக வந்து விழுகிறது. குரங்கின் கடிகாரத்துக்குத் தனியாக ஒரு பத்தி. கடைசிக்கு வருகிறேன். முடிவு என்று அடித்து ஒரு புள்ளியும் கீழே இன்னொரு புள்ளியும் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு வருஷத்தில் ஒரு படத்தின் முடிவைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. பிறகு எழுதுகிறேன். எல்லோரும் கப்பலில் ஏறிவிடுகிறார்கள். அந்தப் பெண் மட்டும் ஏறவில்லை. சின்ன வள்ளத்தை அவிழ்த்துக்கொண்டு தனியாகத் திரும்பி வருகிறாள். குகைக்குள் இருப்பவனுக்குத் துடுப்புச் சத்தம் கேட்கிறது. பக்கத்தில் தீர்ப்பையும் ஒரே வார்த்தையில் எழுதி, மறுபடி படிக்காமல் அனுப்பிவிடுகிறேன்.

ஐந்து நிமிஷத்தில் மணிவாசகன் கூப்பிடுகிறார். "அம்மா, கடைசி வரியில நம்பலாம்னு போட்டிருக்கீங்க. கை தவறிருச்சா?" இல்ல தம்பி, அப்படியே இருக்கட்டும் என்கிறேன். "இல்லம்மா, நானும் சும்மா கடைசி ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாத்தேன். அந்தப் பொண்ணு கப்பல்லதானே போகுது? நீங்க கடைசி வரைக்கும் பாத்தீங்களா?"

"இல்ல தம்பி. நான் இடைவேளையிலேயே எந்திரிச்சுப் போயிட்டேன். கூட வந்தவரு இருந்து பாத்துட்டுச் சொன்னாரு."